மலைக்கு நாடி பார்க்கும் கருவிகள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பாலக்காட்டிலும் கொச்சியிலும் வேலை பார்க்கும் இடுக்கித் தமிழர்களுக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவரானாலும் சரி, மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவரானாலும் சரி, வேலை முடிந்ததும் முதல் காரியம் ஊருக்கு போன் போடுவதுதான். "அங்கே மழை எப்படி?" என்று கேட்பார்கள். "பெய்யுது, என்ன செய்யச் சொல்றே?" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் ஆறுதல் இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும். மழை எவ்வளவு பெய்தது, அதில் மண் எவ்வளவு குடித்தது, லயத்துக்கு மேலே நிற்கும் சரிவு இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்பதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் மண்ணுக்குள் புதைத்து வைத்த கருவிகள் சொல்லும். கம்பியே இல்லாமல், வானொலி அலையிலேயே அந்தச் செய்தியைத் தொலைவுக்கு அனுப்பவும் செய்யும். இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விந்தை அல்ல. நம் மூணாறிலேயே, பெயரிலேயே தமிழ் மணக்கும் அந்தோணியார் காலனியில் நடந்திருக்கும் காரியம்தான்!

அதைப் பற்றிச் சொல்லுமுன், நாம் மறக்க முடியாத ஓர் இரவை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டிமுடி இரவு

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி. மூணாறிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில், ராஜமலைக்கு அப்பால் இருக்கிறது பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் அங்கே வரிசையாக இருந்தன. பெரும்பாலானவர்கள் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்த குடும்பங்கள் பல.

அன்று ஒரே நாளில் அந்தப் பகுதியில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்குப்படி 600 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கர் நிலத்தின் மீது ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் இருநூறு லாரி. ஒரே ஒரு ஏக்கருக்கு இவ்வளவு! அந்த மலையில் எத்தனை ஏக்கர் என்று எண்ணிப் பாருங்கள்.

இரவு பத்தே முக்கால் மணி அளவில் மேலே இருந்த சரிவு பிளந்தது. மலையாளத்தில் உருள்பொட்டல் என்கிறார்களே, அதுதான். மண்ணும் பாறையும் தண்ணீரும் ஒன்றாகக் குழைந்து உருண்டு வந்து லயங்களை அப்படியே மூடிவிட்டன. எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இதில் நெஞ்சைப் பிசையும் இன்னொரு விஷயம் உண்டு. அந்த இரவில் மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. நடந்த செய்தி வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. பாதையும் பாலமும் மழையில் பழுதாகியிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேர மேலும் நேரமானது. உள்ளே இருந்து ஒரு வார்த்தை வெளியே வர வழியில்லை. "ஓடுங்கள்" என்று வெளியே இருந்து ஒரு வார்த்தை உள்ளே போகவும் வழியில்லை.

நிலச்சரிவுக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு வழிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மலை சொல்வதைக் கேட்பது ஒன்று. கேட்டதை மக்களிடம் சேர்ப்பது மற்றொன்று.

மலை ஏன் சரிகிறது?

கடற்கரையில் குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த மணல் கையில் நிற்காது. கொஞ்சம் ஈரம் பட்டால் கெட்டியாக நிற்கும். தண்ணீர் அதிகமானாலோ கூழாகி ஓடிவிடும். மலைச்சரிவின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மண் துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி, உராய்ந்து நிற்பதால்தான் சரிவு நிற்கிறது. மழைநீர் உள்ளே இறங்கும்போது துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் நிரம்புகின்றன. கீழே பாறை இருந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை. அது தேங்கி, மண்ணை மேல்நோக்கி அழுத்தத் தொடங்குகிறது.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக இருக்கும். மேலே வந்ததும் கை கனக்கும். தண்ணீர் குடத்தைத் தாங்கிப் பிடிப்பதே காரணம். மலைக்குள்ளும் தண்ணீர் மண்ணை இப்படித் தாங்கிப் பிடித்தால், கீழே உள்ள பாறை மீது அழுந்தும் பிடிமானம் குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவின் மொத்தப் பாரமும் பிடி நழுவி இறங்கிவிடுகிறது. இந்த உள் அழுத்தத்தை நுண்துளை நீரழுத்தம் என்கிறார்கள்.

ஆகவே வானத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. மண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டும். டாக்டர் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் நாடி பிடித்துப் பார்க்கிறாரே, அதுபோல.

அந்தோணியார் காலனியில்...

மூணாறு வட்டாரத்துக்கு நிலச்சரிவு புதிதல்ல. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் அந்தப் பெயர். அந்த மழையில்தான் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அழிந்தது. பிறகு அந்த ரயில் திரும்பி வரவே இல்லை. 2005-ஆம் ஆண்டு ஜூலை மழையிலும் மூணாறில் பல இடங்கள் சரிந்தன.

இந்தப் பின்னணியில் அம்ருதா விஸ்வ வித்யாபீடத்தின் ஆராய்ச்சியாளர்கள் மூணாறு அந்தோணியார் காலனிச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பியில்லா வலைப்பின்னல் துறை விஞ்ஞானி மனீஷா வினோதினி ரமேஷ் இந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஐரோப்பிய ஆணையத்தின் உதவியோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்திய 'வின்சாக்' என்ற ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி இது. 2008-ல் சில கருவிகளைக் கொண்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள். 2009-ல் சுமார் ஐம்பது நிலவியல் உணர்கருவிகளும் இருபது கம்பியில்லா நிலையங்களும் கொண்ட பெரிய அமைப்பை நிறுவினார்கள்.

உணர்கருவி என்பது என்ன? சுற்றிலும் நிகழும் ஒரு மாற்றத்தை அளந்து, அதை மின்குறிப்பாக மாற்றித் தரும் சிறு சாதனம். சென்சார் என்று நாம் வழக்கத்தில் சொல்வதுதான்.

குழிக்குள் என்ன இருக்கிறது?

வேலை துளையிடுவதில் தொடங்குகிறது. நிலவியல் அறிஞர்கள் சரிவின் தலைப்பகுதி, நடுப்பகுதி, அடிவாரம் என்று பார்த்து இடங்களைக் குறிக்கிறார்கள். எந்த இடத்தில் தண்ணீர் சேரும், மண்ணின் ஆழம் எவ்வளவு, பாறை எங்கே தொடங்குகிறது என்று ஆராய்ந்த பிறகே துளைபோடும் இயந்திரம் மேலேறுகிறது. அந்தோணியார் காலனியில் ஒரு துளை இருபது மீட்டருக்கும் ஆழமாகப் போயிருக்கிறது. நம் ஊர்க் கிணறு ஒன்றின் ஆழம்!

அந்தத் துளைக்குள் குழாயை இறக்கி, அதோடு வெவ்வேறு ஆழங்களில் கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஒரு கருவி பார்க்கிறது. மண்ணைவிடத் தண்ணீர் மின்புலத்துக்கு அதிகமாக வசப்படும் என்ற தத்துவத்தில் அது இயங்குகிறது. தண்ணீர் உள்ளே கொடுக்கும் அழுத்தத்தை இன்னொரு கருவி அளக்கிறது. குழாயில் ஒட்டிய மெல்லிய பட்டைகள், மண் அசைந்து குழாய் மயிரிழை வளைந்தாலும் காட்டிக்கொடுக்கின்றன. சாய்வுமானி சரிவின் கோணம் மாறுகிறதா என்று பார்க்கிறது. அதிர்வு உணரும் கருவி நிலத்துக்குள் எழும் சலசலப்பைக் கேட்கிறது.

இவற்றோடு வெளியே ஒரு மழைமானியும் உண்டு. அதற்குள் இரண்டு சிறு கிண்ணங்கள் ஏற்றப்பலகை போல ஆடும். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வரும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணினால் மழையின் அளவு கிடைத்துவிடும்.

கைமாறும் செய்தி

குழிக்குள் எடுத்த அளவு வெளியே வந்தாக வேண்டும். கம்பி இழுத்தால் காட்டு மரம் விழுந்து அறுந்துவிடும். மண் சரிந்தால் கம்பியும் சேர்ந்து போய்விடும். ஆகையால்தான் கம்பியில்லா முறை.

ஒவ்வொரு துளையின் அருகிலும் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒரு குட்டிக் கணிப்பொறியும் வானொலிக் கருவியும் இருக்கின்றன. ஒரு கம்பத்தின் மேல் ஏரியல். இந்தப் பெட்டிகளுக்குச் சக்தி குறைவு. வெகுதூரம் கூவ முடியாது. எனவே பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரார் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவார்களே, அதே முறைதான். நடுவில் ஒரு பெட்டி கெட்டுப்போனால் செய்தி வேறு பெட்டி வழியாகச் சுற்றிப் போகும்படியும் செய்யலாம்.

கடைசியில் எல்லாச் செய்தியும் ஒரு வாயில் நிலையத்தில் சேர்கின்றன. அங்கிருந்து சற்று வலிமையான வைஃபை அலைகள் மூலம் களக் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டம் அம்ருதபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கும் போகின்றன. மூணாறு மண்ணின் ஈரத்தை, கடலோரத்தில் மேசை முன் உட்கார்ந்திருப்பவர் அப்போதைக்கப்போதே பார்க்கலாம்.

மழையும் மின்னலும் எலியும்

சொல்லக் கேட்டால் எளிது. மலையில் நிறுவிக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

முதல் தொல்லை மின்சாரம். சிறு பெட்டிகள் பாட்டரியில் ஓடுகின்றன. சூரியத் தகடு அதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால் பாருங்கள், கருவி மிகவும் தேவைப்படுவது மழைக்காலத்தில். அப்போதுதான் மூணாறில் நாள்கணக்கில் சூரியன் தலைகாட்டாது! இதற்குக் கண்ட வழி சிக்கனம்தான். வெயில் நாட்களில் கருவி பெரும்பாலும் தூங்கும். எப்போதாவது விழித்து அளவு எடுக்கும். மழை வலுத்து மண் நனையத் தொடங்கியதும் அடிக்கடி விழித்து அளக்கும். காவல்காரன் திருட்டுப் பயம் உள்ள நாளில் மட்டும் கூடுதலாக ரோந்து சுற்றுவது போல.

இரண்டாவது தொல்லை செடிகொடிகள். இந்தச் சிறு வானொலிகளின் அலைகளை ஈர இலைகள் குடித்துவிடும். கோடையில் பளிச்சென்று பேசிய இரண்டு பெட்டிகள், மழையில் தழைத்த புதரால் ஒன்றையொன்று கேட்காமல் போகலாம். எனவே ஏரியலைச் செடிமட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மின்னல் பயம். அதற்கு இடிதாங்கியும் எர்த்தும் செவ்வையாகப் போட வேண்டும்.

பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பனியும் ஈரமும் உள்ளே போய்த் தகட்டில் களிம்பு ஏறும். எறும்பு கூடு கட்டும். எலி ஒயரைக் கடிக்கும். யானை நடமாடும் மலையில் கம்பத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டால் கருவி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. போய்ப் பார்த்துத் துடைத்து, அளவு சரியா என்று சோதிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று படி எச்சரிக்கை

கருவி தரும் எண்களைப் பார்த்து எப்போது 'அபாயம்' என்று சொல்வது? அவசரப்பட்டுச் சொன்னால் 'புலி வருது' கதையாகிவிடும். இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியேறி, ஒன்றும் நடக்காமல் திரும்பியவர் மூன்றாம் தடவை கதவைத் திறக்க மாட்டார். தாமதித்தாலோ, சொல்லியே பயனில்லை.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் மூன்று படிகளாக வகுத்தார்கள். மண் ஈரத்தால் நிரம்பிவிட்டால் முதல் எச்சரிக்கை. உள்ளே நீரழுத்தம் ஏறத் தொடங்கினால் இரண்டாவது. மண் அசைவே தெரிந்தால் மூன்றாவது; அப்போது தாமதிக்கவே கூடாது. எந்த அளவில் எந்தப் படி என்று அறிய, மூணாறு மண்ணைச் சோதித்ததோடு, ஆய்வுக்கூடத்தில் சிறிய சரிவு ஒன்றைக் கட்டி, அதன்மீது செயற்கை மழை பெய்யவிட்டும் பார்த்திருக்கிறார்கள்.

2009-ஆம் ஆண்டு ஜூலையில் மழை வலுத்தபோது இந்த அமைப்பு அபாயக் குறி காட்டியது. ஆராய்ச்சியாளர்கள் அரசுக்குத் தெரிவித்தார்கள். அந்தச் சரிவில் குடியிருந்தவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். கருவி பேசியது, கேட்டவர்கள் செவிசாய்த்தார்கள். நம் நாட்டில் நிலச்சரிவுக்காக இத்தகைய கம்பியில்லா வலைப்பின்னலை அமைத்துப் பயன்கண்ட முன்னோடி முயற்சிகளில் இது ஒன்று.

எல்லா மலையிலும் வைக்க முடியுமா?

"அப்படியானால் பெட்டிமுடியில் ஏன் இல்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இருபது மீட்டர் ஆழத்துக்குத் துளைபோட்டு, செயற்கைக்கோள் இணைப்பும் கொடுத்து ஒரு சரிவைக் கவனிப்பது செலவு பிடிக்கும் வேலை. அந்தோணியார் காலனிக் கருவி அந்தச் சரிவின் நாடியைத்தான் சொல்லும். அடுத்த மலையின் நாடி அதற்குத் தெரியாது. இடுக்கியிலோ ஆபத்தான சரிவுகள் எண்ணற்றவை. 2018 ஆகஸ்டுப் பெருமழையில் கேரள மலைகள் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தன. பாலக்காடு மாவட்டம் நென்மாறைப் பகுதியில் அளுவாசேரியில் வீடுகள் புதைந்து பத்துப் பேர் இறந்தார்கள். நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் மலைப்பாதை பல இடங்களில் அறுந்து, தோட்டத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் மேலேயே சிக்கிக்கொண்டார்கள்.

எனவே இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். ஆபத்து மிகுந்த, ஆள் குடியிருக்கும் சில சரிவுகளில் ஆழமான கருவிகள். மற்ற இடங்களில் மலிவான கருவிகள் நெருக்கமாக. இமாசலப் பிரதேசத்தில் மண்டி ஐ.ஐ.டி.யினர் குறைந்த செலவில் அசைவையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகளை உருவாக்கிச் சாலையோரச் சரிவுகளில் வைத்திருக்கிறார்கள். அதைவிட எளியது மழைமானி.

ஹாங்காங் நகரம் இதற்கு நல்ல உதாரணம். அங்கேயும் செங்குத்தான மலையடியில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1972 ஜூன் 18 அன்று இரண்டு இடங்களில் சரிவு ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1977-ல் அரசு நிலச்சரிவு எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. நகரெங்கும் மழைமானிகள், மழை ஒரு அளவைத் தாண்டினால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்பு. சரிவுகளைப் பலப்படுத்தும் வேலையும் கூடவே நடந்தது. அதன்பின் அங்கே உயிர்ச்சேதம் பெரிதும் குறைந்தது.

வயநாடு சொன்னது என்ன?

நமக்கு அருகிலேயே வயநாட்டில், கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் என்ற அமைப்பு மாவட்டம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வருகிறது. விவசாயிகளும் தோட்டக்காரர்களும் தினமும் அளவு எடுத்துச் சொல்கிறார்கள்.

2024 ஜூலை கடைசியில் மேப்பாடி மலைப்பகுதியில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஜூலை 29 காலையிலேயே நிலச்சரிவு அபாயம் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக ஹியூம் மையத்தார் பின்னர் சொன்னார்கள். 30-ஆம் தேதி அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இருநூற்றைம்பது பேருக்கும் மேல் மாண்டார்கள். அங்கே தேயிலைத் தோட்ட லயங்களும் இருந்தன. தமிழ்க் குடும்பங்களும் இருந்தன.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரையும் பழிதூற்றுவது நம் நோக்கமல்ல. ஆனால் பெட்டிமுடியையும் முண்டக்கையையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பெட்டிமுடியில் சேதி போக வழியே இல்லை. முண்டக்கையில் மழையின் அளவு தெரிந்திருந்தும், அது அத்தனை வீட்டாரையும் எழுப்பி வெளியே கொண்டுவரும் கட்டளையாக மாறவில்லை. அளப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, கடைசி லயத்தின் கடைசிக் கதவைத் தட்டுவது.

கடைசிக் கதவு வரை

அந்த மீதிப் பாதிக்கு என்னென்ன வேண்டும்?

முதலில், மின்சாரம் போனாலும் பேசும் வழி. மழை வலுத்தால் முதலில் போவது கரண்டு. அதன்பின் கைபேசிக் கோபுரம். ஒவ்வொரு டிவிஷனிலும் பாட்டரியில் ஓடும் வயர்லெஸ் செட்டும், கையால் சுழற்றி ஒலிக்கும் சங்கும் இருந்தால் எவ்வளவோ உயிர் பிழைக்கும். கேரள அரசு 2025 ஜனவரியில் 'கவசம்' என்ற எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கி, பல இடங்களில் சைரன்களை வைத்திருக்கிறது. அந்தச் சைரன் ஒலி எட்டாத தோட்டங்களின் பட்டியலை எடுத்து அங்கும் வைப்பதே அடுத்த வேலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மொழி. தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதித் தோட்டங்களில் மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் உண்டு. சிவப்பு எச்சரிக்கை என்று எழுதி அனுப்பினால் அவர்களுக்கு என்ன தெரியும்? "இன்று இரவு லயத்தில் படுக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று தமிழில் சொன்னால் தெரியும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' கைபேசிச் செயலியில் தமிழிலும் எச்சரிக்கை பெற வழியுண்டு. இளைஞர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் அதை ஏற்றிக் கொடுக்கலாம்.

மூன்றாவது, போகும் இடம். ஆடுமாட்டையும் அரிசிப்பானையையும் விட்டு நள்ளிரவில் கிளம்பச் சொல்வது எளிது. போன இடத்தில் கூரை வேண்டும், கழிப்பிடம் வேண்டும், மறுநாள் சம்பளம் போகாது என்ற உறுதி வேண்டும். தினக்கூலி போய்விடும் என்ற பயத்தை எந்தச் சென்சாராலும் அளக்க முடியாது. அதை நிர்வாகமும் தொழிற்சங்கமும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இவையெல்லாம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கோட்டயம் மாவட்டம் மீனச்சில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பொதுமக்களே வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து, அளவை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கிறார்கள். மேலே இருப்பவர் சொல்லும் எண் கீழே இருப்பவருக்கு எச்சரிக்கை. லயத்துக்கு ஒன்று வைப்பது பெரிய செலவல்ல. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பாத்திரம் ஒன்று, ஒரு அடிக்கோல், ஒரு நோட்டுப் புத்தகம். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மழை கொட்டும் நாளில் மூன்று மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 115 மில்லிமீட்டரைத் தாண்டினால் வானிலைத் துறை அதை மிகக் கனமழை என்கிறது. 204 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிதீவிரக் கனமழை. இரண்டு மூன்று நாட்களாக ஊறிய மலையில் இந்த அளவு மழை பெய்தால், கருவி இல்லாமலே கிளம்ப வேண்டிய நேரம் அது.

கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் உண்டு. மேட்டில் புதிதாக வெடிப்பு தோன்றுவது, நேராக நின்ற மரமோ போஸ்ட் கம்பமோ சாய்வது, காரணமில்லாமல் கதவு நிலையில் இறுகுவது, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கலாக வருவது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை நீர் சட்டென்று குறைவது. கடைசியாகச் சொன்னது மிகவும் ஆபத்தானது. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓடைக்கரையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்குப் போய்விட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லலாம். வெளியூரில் இருப்பவர்கள் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. எண்ணைச் சேர்த்து 1077 போட்டால் அதே அறையோடு பேசலாம்.

ஆகவே அடுத்த ஆடியில் ஊருக்கு போன் போடும்போது, "மழை எப்படி?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "நேற்று எத்தனை மில்லிமீட்டர்? ஓடைத் தண்ணீர் எப்படி இருக்கு? ராத்திரி எங்கே படுக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் தெரியாது என்று வந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறக்காமல் ஒரு மழைமானியும் ஒரு டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

தேயிலையும் ஏலமும் விளையும் அந்த மலைகளுக்கு நம்மவர்கள் நூறாண்டுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். மலையின் நாடியைப் பார்க்கும் கருவி இன்று இருக்கிறது. அது சொல்லும் சேதி, இரவு எத்தனை மணியானாலும், அந்த உழைப்பாளியின் கதவைத் தட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கேட்கத் தயங்காமல் இருப்பது நம் கடமை.